ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க மதுரைக்கு

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குள் பொதிந்து வைத்திருந்த பொருளை இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு குமிழ். அதன் இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைக் குழாய்.

“இது என்னம்மா?”

“மூளைக்குள்ள சேருற தண்ணிய வயித்துக்கு இறக்கிவிடுற குழாய். நடுவுல இருக்கிறது வால்வு.”

“உங்களுக்கா?”

“இல்லிங்க. ஆட்டுக்கு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். விளையாடுகிறேனா என்று சந்தேகம். பக்கத்து மேசைக்காரரை அழைத்தார். வந்தவர் வயதில் மூத்தவர். மருத்துவக் கல்லூரி அனுப்பியிருந்த அழைப்பைப் பொறுமையாகப் படித்துவிட்டு, குமிழைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, “அப்ப இனிமே மூளை வறுவல் சாப்புட்டா பல்லுல குழாய் மாட்டும்” என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

மதுரையில் என்னிடம் பேசிய முதல் இரண்டு பேர் இவர்கள்தான். ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் பிராணிக்கூடத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். எலிகளும் முயல்களும் என் நோயாளிகள். நம் எல்லாருடைய தலைக்குள்ளும் தண்ணீர் போல ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது மூளைக்கு உள்ளும் வெளியும் சுற்றிவந்து ரத்தத்தில் கலந்துவிடும். வடிகிற வழி அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கி, மூளையை மண்டை ஓட்டோடு சேர்த்து அழுத்தும். குழந்தைகளுக்கு இது வருவதுண்டு. இதை எப்படிச் சரிசெய்வது என்று கண்டுபிடிக்க, முதலில் அதே நோயைப் பிராணிகளுக்கு உண்டாக்கிப் பார்க்கிறார்கள். பிடரிக்குள் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் கொஞ்சம் செலுத்தினால் அங்கே புண்ணாகித் தழும்பு கட்டி, வழி அடைந்துவிடும். நோய் வந்த பிராணிகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. வலிக்கு மருந்து போடுவேன். எது தாங்கும், எது தாங்காது என்று சொல்வேன்.

மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மலிவான வால்வு ஒன்றைச் செய்து ஆட்டுக்குட்டிகளில் சோதிக்கிறார்கள். எலி மூளை வழுவழுப்பாக, நிலக்கடலை அளவில்தான் இருக்கும். குழந்தைக்கு வைக்கிற வால்வை எலிக்கு வைக்க முடியாது. ஆட்டு மூளையில் மடிப்புகள் உண்டு, இடமும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குட்டிகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தர என்னை அழைத்திருந்தார்கள். நாங்கள் எங்கள் ஊரில் முயல்களுக்குப் பயன்படுத்தும் வால்வையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவரச் சொன்னார்கள்.

தல்லாகுளத்தில் தங்க வைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வக்கீல்கள் ஸ்கூட்டரில் பறப்பது தெரியும். பினாங்கில் சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லாரும் நிற்போம். இங்கே ஒருவருக்கொருவர் கண்ணாலேயே பேசிக்கொண்டு புகுந்து போகிறார்கள். சாலையைக் கடக்கப் பயந்து நடைபாதையில் நெடுநேரம் நின்றேன். பூக்கூடையோடு வந்த ஓர் அம்மாள், “எம் பின்னாடியே வாங்க” என்று கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நடந்தார். பேருந்து நின்றது. நான் அவர் சேலையைப் பிடிக்காத குறையாகப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை சாப்பிடப் போன கடையில் இட்லிக்கு நான்கு வகைச் சட்னி வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு ஒரு கிண்ணம் குழம்போடு சரி. எதை எதில் தொடுவது என்று தெரியாமல் கரண்டி கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் மனைவியிடம் எனக்குப் புரியாத மொழியில் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் சிரித்தார். பெரியவர் என் பக்கம் திரும்பி, “தப்பா நினைக்காதீங்க. நாங்க வீட்டுல சௌராஷ்டிரம் பேசுறவங்க. இட்லிய ஆபரேசன் பண்றாங்க பாருன்னு சொன்னேன்” என்றார். அவருக்கு என் வேலை தெரியாது. சரியாகத்தான் கண்டுபிடித்துவிட்டார் என்று நானும் சிரித்தேன்.

“மலேசியாவா? பூர்வீகம் எந்தப் பக்கம்?”

“தெரியலைங்க. கேட்டு வைக்காமலே எல்லாரும் போயிட்டாங்க.”

“அப்ப மதுரைன்னே வச்சுக்கங்க” என்று தாராளமாகக் கொடுத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

அன்று சனிக்கிழமை. பிராணிக்கூடத்தில் டாக்டர் கயல்விழி காத்திருந்தார். குழந்தைகளுக்கு மூளை அறுவைச் சிகிச்சை செய்பவர். இந்த வால்வு அவர் குழுவின் வேலை. குள்ளமான உருவம், வேகமான நடை. கூடவே செல்வம் என்பவர், ஆட்டுக்குட்டிகளுக்குத் தீனி வைத்துக் கொட்டிலைப் பார்த்துக்கொள்பவர். கொட்டில் சுத்தமாக இருந்தது. மின்விசிறி ஓடியது. குட்டிகள் செல்வத்தின் கால்சட்டையை மோந்துகொண்டு வந்தன.

ஒன்று மட்டும் வரவில்லை. மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. தலை கீழே தொங்கியிருந்தது. கிட்டே போய் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். கருவிழி இரண்டும் கீழே சரிந்து, மேலே வெள்ளை தெரிந்தது. கொடுத்த அகத்தித் தழையை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல மறந்து நின்றது.

“எத்தன நாளா இப்படி?”

“முந்தாநாத்துல இருந்து, மேடம்” என்றார் செல்வம். “சொன்னேன். ஸ்கேன்ல அளவு கொஞ்சம் கூடட்டும், அப்புறம் வைக்கலாம்னு சொன்னாங்க.”

கயல்விழி மறைக்கவில்லை. “ஸ்கேன் அளவு வரட்டும்னு காத்திருந்தோம். எல்லாக் குட்டிக்கும் ஒரே கட்டத்துல வச்சாத்தான் ஒப்பிட முடியும்.”

“இது காத்திருக்காது. இன்னைக்கே வச்சிருங்க.”

வைத்தார்கள். அவர் கை அழகாக வேலை செய்தது. மண்டையில் சிறு துளை. குழாயின் மேல்முனை மூளையின் குழிக்குள் போனது. மீதிக் குழாய் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் இறங்கி வயிற்றில் முடிந்தது. குழாய் வழியே தெளிந்த நீர் சொட்டியபோது எல்லாருக்கும் மூச்சு வந்தது. மாலையில் குட்டி தலையைத் தூக்கியது. நான் வலி மருந்து போட்டுவிட்டு, படுக்க வைக்க வேண்டிய விதத்தைச் செல்வத்துக்குக் காட்டினேன்.

போகும்போது கயல்விழியிடம் ஒன்று கேட்டேன். “இத்தனை வருஷமா எலியிலயும் முயல்லயும்தான் பாத்திருக்கேன். குழாய் வச்ச ஒரு குழந்தையைப் பக்கத்துல பாத்ததே இல்ல. பாக்க முடியுமா?”

அவர் செல்வத்தைப் பார்த்தார். செல்வம், “எந் தங்கச்சி மக இருக்கா மேடம், சோழவந்தான்ல. கைப்புள்ளயா இருக்கப்ப இவுகதான் குழா வச்சாக. இப்ப ரெண்டாப்பு படிக்கா. நாளைக்கு ஊருக்குப் போறேன், வாங்களேன்” என்றார்.

அன்று மாலை ஜிகர்தண்டா குடித்தேன். எங்கள் ஊர் செண்டோல் என்ற பனிக்கட்டி இனிப்புக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. கொஞ்சம் கொழுத்த சொந்தம்.

ஞாயிறு காலை செல்வம் விடுதி வாசலுக்கு வந்தபோது முகம் சரியில்லை. குட்டி இறந்துவிட்டது. விடியும்போது போய்ப் பார்த்திருக்கிறார். மருந்து கொடுத்தும் எழவில்லை. கயல்விழிக்குப் போன் செய்தேன். “வால்வு ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. மூளைதான் தாங்கல. அது சுவரைப் பாத்து நின்ன அன்னைக்கே வச்சிருக்கணும்” என்றார். பிறகு, உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகிறேன், மாலையில் பேசுவோம் என்று வைத்துவிட்டார்.

பிராணிகள் இறப்பது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் பேருந்தில் ஏறியபோது மனசு கனமாகத்தான் இருந்தது.

பேருந்து அந்த மனசை வைத்துக்கொள்ள விடவில்லை. ஏற்கெனவே நிரம்பிய வண்டியில் நடத்துநர் மேலும் ஆட்களை ஏற்றிக்கொண்டே, “உள்ள எம்புட்டு எடம் கெடக்கு, தள்ளுங்கண்ணே” என்றார். ஓட்டுநர் ஒரு கையால் ஓட்டி மறுகையால் முறுக்கு தின்றார். என் மடியில் யாரோ ஒரு குழந்தையையும் வேறு யாரோ ஒரு சாக்குப்பையையும் கேட்காமலே வைத்தார்கள். பையில் கோழி இருந்தது. பினாங்குப் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்காது. இங்கே இறங்குவதற்குள் மூன்று குடும்பத்து விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது.

சோழவந்தானில் இறங்கி நடந்தோம். வைகையில் மணல்தான் அகலமாக இருந்தது, ஓரத்தில் ஒரு கீற்றுத் தண்ணீர். அதைத் தாண்டி வெற்றிலைத் தோட்டங்கள். கொடிக்கால் என்கிறார்கள். வரிசையாக அகத்தி மரங்கள், அவற்றில் ஏறிய வெற்றிலைக் கொடி. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளிர்பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. செல்வத்தின் தங்கச்சி கணவர் மாரிச்சாமி அங்கே வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். நெட்டையான மனிதர், நாற்பது வயதிருக்கும். குத்தகைக்கு எடுத்த கொடிக்கால்.

“வாங்க டாக்டரம்மா. வீட்டுக்குப் போவோம். புள்ளைக்குத்தான் ரெண்டு நாளா மேலுக்குச் சொகமில்ல. வெயில்ல ஆடிட்டா. ஒரே வாந்தி.”

நான் நின்றுவிட்டேன். “தலை வலிக்குதுன்னு சொன்னாளா?”

“சொன்னா. தைலம் தேச்சு விட்டுருக்கு.”

வீடு பக்கத்தில்தான். சிறுமி ஹரிணி பாயில் சுருண்டு கிடந்தாள். அவள் அம்மா பூங்கொடி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே வந்ததற்கு ஹரிணி கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

“மாமா வந்திருக்கேன்டா” என்றார் செல்வம். “ம்” என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் கண்ணால் மட்டும் என் விரலைப் பார்க்கச் சொன்னேன். விரலை மேலே கொண்டுபோனேன். கண்கள் கூடவே வரவில்லை. பாதியில் நின்றன. கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. காதுக்குப் பின்னால் தடவினேன். தோலுக்கு அடியில் அந்தக் குமிழ், நான் எத்தனையோ முறை கையில் எடுத்த அதே வடிவம். ஒரு குழந்தையின் தலையில் அதைத் தொட்டுப் பார்க்கத்தான் நான் வந்தேன். இந்த மாதிரி நாளில் தொடுவேன் என்று நினைக்கவில்லை.

எழுந்து வெளியே வந்து கயல்விழிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. காதுகுத்து வீட்டில் மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது. திரும்ப உள்ளே போனேன்.

“இவளை இப்பவே மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும். குழாய் அடைச்சிருக்கோன்னு சந்தேகமா இருக்கு.”

மாரிச்சாமி செல்வத்தைப் பார்த்தார். “குழா வச்சு இம்புட்டு வருசமா ஒன்னும் பண்ணலயே மச்சான். மருந்துக்கடையில மாத்திர வாங்கிக் குடுத்திருக்கு. செத்த நேரத்துல எந்திரிச்சிருவா.” பிறகு என்னிடம், “டாக்டரம்மா, நீங்க மனுசங்களுக்கும் பாப்பீகளா?”

“இல்ல. நான் பிராணிகளுக்குத்தான் பாக்குறேன்.”

“எம் புள்ளய ஆட்டோட வச்சுப் பேசுறீகளா?” கோபமாகக் கேட்கவில்லை. கோபம் வருவதற்கு முந்திய நிதானத்தோடு கேட்டார்.

“ஆமாங்க. ஆடும் எலியும் தலை வலிக்குதுன்னு வாயைத் தொறந்து சொல்லாது. கண்ணைப் பாத்து, நடையைப் பாத்து, தின்கிறதைப் பாத்துத்தான் நாங்க கண்டுபிடிக்கணும். நான் தினமும் பாக்குறது அதைத்தான். நேத்து ஒரு குட்டி கண்ணுல பாத்தேன். இப்ப இவ கண்ணுல பாக்குறேன். நான் சொல்றது தப்பா இருந்தா எல்லாருக்கும் நல்லது. போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவோம்.”

“அந்தக் குட்டிக்கு என்ன பண்ணுனீக?”

“குழாய் வச்சோம்.”

“பொழச்சுச்சா?”

செல்வம் என்னைப் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம்.

“இல்ல” என்றேன். “லேட்டா வச்சோம்.”

பூங்கொடி விசிறியைக் கீழே வைத்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஏழு வயதுப் பிள்ளையின் கால்கள் அம்மாவின் முழங்கால் வரை தொங்கின. “அண்ணே, ஆட்டோவக் கூப்புடு” என்றார். மாரிச்சாமி ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தெருமுனையில் நின்ற ஆட்டோ உடனே கிடைத்தது. அதில் ஐந்து பேர் அடைந்தோம். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அது இருமியது, குலுங்கியது, வயல்களுக்கு நடுவே நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்பக்கம் எதையோ திறந்து பார்த்து, மறுபடி மூடி, மறுபடி திறந்தார். இரண்டு பக்கமும் நெல் வயல், கொக்குகள். ஒரு வண்டியும் இல்லை. பினாங்கில் கைப்பேசியைத் தட்டினால் வண்டி எங்கே வருகிறது என்று வரைபடத்தில் ஊர்ந்துவருவது தெரியும். நான் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்தது ஒரு குட்டியானை. அந்தச் சின்னச் சரக்கு வண்டிக்கு இங்கே அப்படித்தான் பெயர். முழுக்க வெற்றிலைக் கட்டு. மாரிச்சாமி நடுச்சாலையில் போய்க் கையை விரித்து நின்றார். ஓட்டுநர் அவருக்குத் தெரிந்த ஆள்தான்.

“என்ன மாமா, வெத்தலய ஏத்தணுமா?”

“புள்ளய ஏத்தணும்யா.”

அவன் பூங்கொடியின் தோளைப் பார்த்தான். அடுத்த கேள்வி கேட்கவில்லை. பூங்கொடியும் ஹரிணியும் முன்னால் ஏறினார்கள். நாங்கள் மூன்று பேரும் பின்னால், ஈரச் சாக்கு போர்த்திய வெற்றிலைக் கட்டுகளுக்கு இடையில் குந்தினோம். வண்டி வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி ஜன்னல். அதைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

“பேசுறாளா?”

“பேசுறாக்கா.”

கொஞ்ச தூரம் போய் மறுபடி தட்டினேன். “பேசுறாளா?”

“ம்னு சொல்றா.”

மூன்றாவது முறை தட்டியபோது பூங்கொடி திரும்பவில்லை. மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மாரிச்சாமி என் முகத்திலிருந்து பார்வையை எடுத்துச் சாலையைப் பார்த்தார்.

அப்போதுதான் கயல்விழி திரும்ப அழைத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. நான் கண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே, “எந்த ரோட்டுல வாரீங்க?” என்றார். “நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் ஸ்கேனுக்குச் சொல்லி வைக்கிறேன். வாயில ஒன்னும் குடுக்க வேணாம். நானும் கெளம்பிட்டேன்.” நாதஸ்வரம் நகர்ந்து தேய்ந்தது. அவர் உண்மையாகவே நடக்கத் தொடங்கியிருந்தார்.

மருத்துவமனை வாசலில் தள்ளுகட்டில் தயாராக நின்றது. குட்டியானைக்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுத்தான். “புள்ளயப் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். என் துப்பட்டாவில் இரண்டு வெற்றிலை ஒட்டியிருந்தது.

ஸ்கேனில், மூளைக்குள் கறுப்பாகத் தெரியவேண்டிய சின்னக் குழிகள் இரண்டும் வீங்கிப் பெரிய பட்டாம்பூச்சி போல விரிந்திருந்தன. எக்ஸ்ரேயில் காரணம் தெரிந்தது. கழுத்துப் பக்கம் குழாய் அறுந்திருந்தது.

பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் வந்த கயல்விழி படத்தைக் காட்டிப் பெற்றவர்களிடம் சொன்னார். “பொண்ணு வளர்ந்துட்டா. குழாய் அன்னைக்கு வச்ச நீளம்தான். இழுத்து இழுத்து விட்டுப்போச்சு. மாத்திரலாம். இப்பவே மாத்துறேன்.”

“வளந்ததுக்கா?” என்றார் பூங்கொடி. அவ்வளவுதான் கேட்டார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

அறுவைச் சிகிச்சை அறைக் கதவு மூடியது. தாழ்வாரத்தில் இரும்பு பெஞ்சு. செல்வம் காப்பி வாங்கி வந்தார், யாரும் குடிக்கவில்லை. மாரிச்சாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இந்தக் குழாய மொதல்ல ஆடு மாடுக்குத்தான் வச்சுப் பாத்தாகளா?”

“இப்பச் செய்றதை எல்லாம் முதல்ல பிராணிகள்லதான் பாக்குறாங்க. எலி, முயல், ஆடு.”

“நோவையும் நீங்களே குடுத்து?”

“ஆமா.”

“கடசீல அதுகள என்ன பண்ணுவீக?”

“வலிக்காம தூங்க வச்சிருவோம். மூளையை எடுத்துப் பாத்தாத்தான் குழாய் உள்ள என்ன செஞ்சதுன்னு தெரியும்.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்களும்தான் கெடா வெட்டுறோம். சாமிக்குன்னு நேந்து விட்டு வெட்டுறோம். ஆனா வெட்டுற அன்னைக்கு வரைக்கும் அதுக்கு ஒரு நோவு குடுக்க மாட்டோம்.”

எங்கள் கூடத்தில் இதைப் பற்றிக் கூட்டங்கள் நடக்கும். அனுமதிக் குழு உண்டு, விதிகள் உண்டு. அவற்றைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்தக் கதவுக்கு முன்னால் அவை சரியாக இருக்காது என்று பட்டது.

“அந்த நோவைக் குறைக்கத்தான் என்னை வேலைக்கு வச்சிருக்காங்க. முழுசா எடுக்க என்னால முடியல. அது எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. “எம் புள்ளைக்குன்னு வந்தா, பத்து ஆட்ட நானே கட்டிக் கொண்டாந்து விடுவேன். அதையுஞ் சொல்லிப்புடுறேன்” என்றார். அதற்குப் பிறகு காப்பியை எடுத்து, ஆறிப்போனதைக் குடித்தார்.

வெயில் தாழ்ந்து தாழ்வாரத்தில் மஞ்சளாக விழுந்த நேரத்தில் கதவு திறந்தது. கயல்விழி முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். “தண்ணி நல்லா வடியுது. கண்ணைத் தெறந்து என் பேரைக் கேட்டா. சொன்னேன். நர்ஸ் பேரையும் கேட்டா.”

பூங்கொடி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்வம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. மாரிச்சாமி கயல்விழியைப் பார்த்துக் கும்பிட்டார், பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார், பிறகு வழியில் போன துப்புரவுப் பணியாளர் ஒருவரையும் கும்பிட்டார். அந்த அம்மாளும் துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் இரும்பு பெஞ்சில் திரும்பப் போய் உட்கார்ந்தேன். எனக்குள் இருந்தது தப்பாகச் சொல்லியிருந்தால் என்ற பயமா, சரியாகச் சொல்லிவிட்ட பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பூங்கொடியை மகளோடு விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் எதிரே இருந்த கடைக்குப் போனோம். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் குழம்பில் ஊறவைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மாவை வீசி வீசிச் செய்கிற அதே வித்தைதான், குழம்பு மட்டும் வேறு நாடு. நான் கரண்டி கேட்கவில்லை. எத்தனை சாப்பிட்டேன் என்று செல்வம் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் பிராணிக்கூடத்தில் கூட்டம். கயல்விழி ஆரம்பத்திலேயே சொன்னார்: “இனிமே ஸ்கேன் அளவுக்காகக் காத்திருக்க வேணாம். குட்டி கண்ணைக் கீழ போட்டா, தீனியை விட்டா, அன்னைக்கே வால்வு. கணக்கு ஒப்பிடக் கஷ்டமா இருக்கும். பரவாயில்ல, அதுக்கு வேற வழி பாப்போம்.” ஒரு இளைய ஆய்வாளர் எதிர்த்துப் பேசினார். நியாயமான எதிர்ப்புதான். நெடுநேரம் வாதாடிவிட்டு அவரும் சரி என்றார். தினமும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு குட்டியிடமும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நான் கொட்டிலிலேயே நின்று காட்டினேன். செல்வத்துக்கு அன்று விடுப்பு. குட்டிகள் என் துப்பட்டாவைத் தின்னப் பார்த்தன. அன்று அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

மதியம் வார்டுக்குப் போனேன். ஹரிணி தலையில் கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தாள். முந்தின நாள் பாயில் பார்த்த பிள்ளையா இவள் என்று இருந்தது. கட்டில் பக்கத்தில் போகிற வருகிற எல்லாரையும் நிறுத்தி ஏதாவது கேட்டாள். மலேசியாவில் பரீட்சை உண்டா என்று என்னிடம் கேட்டாள். உண்டு என்றதும் எனக்காக வருத்தப்பட்டாள்.

இட்லி கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னதும் மாரிச்சாமி ஓடிப்போய் வாங்கிவந்தார். பூங்கொடி சின்னச் சின்னதாகப் பிட்டு ஊட்டினார். இரண்டு இட்லி. முடிந்ததும் இலையை மடித்தார். அதற்குப் பிறகு எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று நாளாகச் சாப்பிட்டது எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. பூங்கொடி கையில் ஒரு கிண்ணத்தைத் தயாராக வைத்திருந்தார். செல்வம் ஜன்னலைத் திறந்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்களும் என்ன என்று தெரியாமலே சேர்ந்து பார்த்தார்கள்.

“எல்லாரும் எதுக்கு என்னையவே பாக்கீங்க?” என்றாள் ஹரிணி.

நேரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. அவள் தூங்கிப்போனாள், ஒழுங்கான தூக்கம், வாய் திறந்தபடி. பூங்கொடி கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அங்கேயே தலையைக் கட்டிலில் சாய்த்து அவரும் தூங்கிவிட்டார்.

மாரிச்சாமிக்குக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஊருக்குப் போய்விட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார். எனக்கும் தல்லாகுளம் போக வேண்டியிருந்ததால் பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். போனை எடுத்தவர் வைக்கவே இல்லை. ஒருவர் வைத்தால் இன்னொருவர் கூப்பிட்டார். எல்லாரிடமும் ஒரே செய்தியைத்தான் சொன்னார். நேற்று நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவருடைய பேருந்து வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் இடம்பிடித்து, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மறுகை காதில்தான் இருந்தது. வண்டி கிளம்பிய பிறகும் அவர் குரல் மட்டும் எல்லாச் சத்தத்துக்கும் மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

“சாப்புட்டுச்சு… இட்லி… ரெண்டு… இல்லத்தா, வாந்தி எடுக்கல. எடுக்கலைங்கிறேன்ல. உள்ளதான் இருக்கு.”